கடலோடிகள் வரலாறு – 9: கரிக்கப்பல் பையன்

சென்ற இதழில் நெல்சனின் தொடக்க நாட்களைப் பார்த்தோம். பன்னிரண்டு வயதில், தாய்மாமன் கேப்டனாக இருந்த போர்க்கப்பலில் ஏறிய பிள்ளை. 18 வயதில் லெப்டினன்ட். 20 வயதில் கேப்டன். மருமகன் லெப்டினன்ட் தேர்வுக்குப் போனபோது, தாய்மாமன் மாரிஸ் சக்லிங் கடற்படை நிர்வாகத்தின் மேல்படியில் உட்கார்ந்திருந்தார். நெல்சனின் திறமையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் திறமைக்குக் கதவு திறந்தே இருந்தது.

அதே கடற்படையில், அதே நூற்றாண்டில், இன்னொருவர் லெப்டினன்ட் ஆனபோது அவருக்கு வயது 39. அதற்குள் பதின்மூன்று ஆண்டுகள் கடற்படையில் உழைத்திருந்தார். வட அமெரிக்கக் கரைகளை அவரளவுக்கு அறிந்த கடற்படை ஆள் யாரும் கிடையாது. அவர் வரைந்த படங்களை வைத்துத்தான் மற்றவர்கள் கப்பல் ஓட்டினார்கள். ஜேம்ஸ் குக் என்றதும் நமக்கு ஆஸ்திரேலியாவும் ஹவாயும் நினைவுக்கு வரும். அவற்றுக்கு முந்தைய நாற்பது ஆண்டுகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எனக்கு அந்த நாற்பதுதான் பெரிதாகப் படுகிறது. பின்னால் வந்த பயணங்களுக்கு வேண்டியதையெல்லாம் அந்த ஆண்டுகளில்தான் அவர் ஒவ்வொன்றாகச் சேர்த்தார்.

வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் மார்ட்டன் என்ற சிற்றூர். 1728 அக்டோபர் 27 அன்று அங்கே பிறந்தார். தந்தை ஸ்காட்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த பண்ணைக் கூலியாள். தாய் கிரேஸ் அந்தப் பக்கத்துப் பெண். எட்டுப் பிள்ளைகளில் இவர் இரண்டாமவர். 1736-இல் தந்தைக்கு, பக்கத்து ஊரான கிரேட் ஏட்டனில் ஒரு பண்ணையை மேற்பார்க்கும் வேலை கிடைத்தது. பண்ணை முதலாளி தாமஸ் ஸ்கோட்டோ, பையனின் சூட்டிகையைப் பார்த்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சம்பளம் கட்டினார். எழுத்து, வாசிப்பு, கணக்கு. குக் பள்ளிக்கூடத்தில் கற்றது அவ்வளவுதான்.

பதினாறு வயதில் ஸ்டெய்த்ஸ் என்ற மீனவர் ஊருக்கு அனுப்பினார்கள். வில்லியம் சாண்டர்சன் என்பவரின் மளிகை, துணிக்கடையில் எடுபிடி வேலை. இரவில் கடையின் மேசைக்கு அடியிலேயே படுத்துக்கொள்வான் என்று சொல்வார்கள். கடை நின்ற இடத்தைப் பிறகு கடல் தின்றுவிட்டது. ஒன்றரை ஆண்டு நிறுத்துப் போட்டும் அளந்து கொடுத்தும் பார்த்தபின், இது இவனுக்கு ஆகாது என்று சாண்டர்சனே புரிந்துகொண்டார். கோபித்துக்கொள்ளாமல், பக்கத்துத் துறைமுகமான விட்பிக்குக் கூட்டிப்போய்த் தனக்குத் தெரிந்த கப்பல் முதலாளி ஜான் வாக்கரிடம் சேர்த்துவிட்டார். வாக்கர் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர். பேச்சிலும் வாழ்க்கையிலும் எளிமை. அவர் பிழைப்பு நிலக்கரி.

இந்த நிலக்கரியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். லண்டனின் அடுப்புகள் எரிந்தது நியூகாசில் பக்கத்துக் கரியால். அது தரை வழியாக வரவில்லை; கிழக்குக் கரையை ஒட்டிக் கப்பலில் வந்தது. அந்தக் கரை மிக மோசமானது. மணல்திட்டுகள் ஆண்டுக்காண்டு இடம் மாறும். கலங்கரை விளக்கங்கள் குறைவு. மூடுபனி வந்தால் எதிரில் வரும் கப்பல் தெரியாது. வடகிழக்குக் காற்று திரும்பினால் கப்பலைக் கரையில் கொண்டுபோய் அறையும். ஆழ்கடலில் நாள்கணக்கில் ஒரே திசையில் போகிறவனுக்கு வராத ஆபத்து இங்கே மணிக்கொரு தரம் வரும். கயிற்றில் கட்டிய ஈயக்குண்டை இறக்கி எத்தனை பாகம் ஆழம் என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். குண்டின் அடியில் தடவிய கொழுப்பில் ஒட்டிவரும் மணலோ சேறோ கிளிஞ்சலோ, அதைப் பார்த்து இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். அரசாங்கப் போர்க்கப்பல்களின் இளம் அதிகாரிகளுக்கு இந்தப் பாடம் கிடைக்கவில்லை.

அந்தக் கப்பல்களும் தனி வகை. அகன்ற வயிறு, மழுங்கிய முகம், தட்டையான அடி. அழகு கிடையாது, வேகமும் கிடையாது. ஆனால் நிறையச் சுமக்கும். நீர் வற்றியதும் மணலில் உட்காரவைத்துச் சரக்கை இறக்கலாம். ஏற்றத்தில் தானே மிதந்துவிடும். இந்த விவரத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாக்கரின் கப்பல்களில் குக் முதலில் ஏறியது ‘ஃப்ரீலவ்’. குளிர்காலத்தில் கப்பல்கள் ஓடாது. அப்போது பழகுநர் பையன்கள் கிரேப் லேனில் இருந்த வாக்கரின் வீட்டு மேல்மாடத்தில் தங்குவார்கள். மற்றவர்கள் கதை பேசிக்கொண்டிருக்க, குக் தனியாக உட்கார்ந்து கணக்கும் கப்பல் செலுத்தும் கலையும் படிப்பாராம். வீட்டுப் பணிகளைக் கவனித்த மேரி ப்ரவுட் அவருக்கு மட்டும் ஒரு மேசையும் மெழுகுவத்திகளும் கொடுத்ததாக விட்பியில் சொல்வார்கள். அந்த வீடு இன்று குக்கின் நினைவு அருங்காட்சியகம்.

பழகுநர் காலம் முடிந்தது. பால்டிக் கடல் வரை போய்வந்தார். 1752-இல் ‘ஃப்ரெண்ட்ஷிப்’ கப்பலில் துணைத் தலைவர். 1755-இல் வாக்கர் அதே கப்பலின் தலைமையைக் கொடுக்க முன்வந்தார். பண்ணைக் கூலியாளின் மகனுக்கு 26 வயதில் சொந்தக் கட்டளையில் ஒரு கப்பல்! ஊரில் வீடு, பெண், நிலையான வருமானம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. குக் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஜூன் 17 அன்று லண்டனின் வாப்பிங்கில் அரசக் கடற்படையில் சாதாரண மாலுமியாகக் கையெழுத்துப் போட்டார்.

ஏன்? பிரான்சுடன் போர் நெருங்கிக்கொண்டிருந்தது. கடற்படையின் ஆள்பிடி கும்பல்கள் துறைமுகங்களில் சுற்றிக்கொண்டிருந்தன. அகப்படுவதற்கு முன் தானே போய்விடலாம் என்று நினைத்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது பொருந்தவில்லை. வணிகக் கப்பலின் தலைவர்களை ஆள்பிடிப்பவர்கள் பொதுவாகத் தொடுவதில்லை. பயந்தவராக இருந்தால், வாக்கர் கொடுத்த பதவியே அவருக்குப் பாதுகாப்பு. கரிக்கடலில் கற்க வேண்டியதைக் கற்று முடித்துவிட்டார், அடுத்த பள்ளிக்கூடம் தேடினார் என்றுதான் நான் நினைக்கிறேன். கீழே இறங்கித்தான் அந்தப் பள்ளியில் சேர முடியும் என்றால், இறங்கவும் தயாராக இருந்தார்.

60 பீரங்கிகள் கொண்ட ‘ஈகிள்’ கப்பலில் சேர்ந்த ஒரு மாதத்திலேயே அவரைத் துணை மாஸ்டராக உயர்த்தினார்கள். சில மாதங்களில் அந்தக் கப்பலுக்குப் புதிய கேப்டன் வந்தார். பெயர் ஹியூ பாலிசர். அவரும் யார்க்‌ஷயர்க்காரர். ஊர்ப்பாசம் ஒருபுறம் இருக்க, வேலை தெரிந்தவனைப் பார்த்தவுடன் அறியும் கண் அவருக்கு இருந்தது. குக்கின் வாழ்க்கையில் அவர் கடைசிவரை ஒரு பக்கபலம். பல ஆண்டுகள் கழித்துத் தன் கடைக்குட்டி மகனுக்கு ஹியூ என்று பெயர் வைத்தார் குக்.

அந்தக் காலக் கடற்படையில் இரண்டு வகை அதிகாரிகள். லெப்டினன்ட், கேப்டன் போன்றோர் அரச நியமனம் பெற்றவர்கள். அவர்கள்தான் கட்டளையிடுவார்கள், ஒருவர் இறந்தால் தலைமை அடுத்தவருக்குப் போகும். அந்த வரிசையில் ஏறக் கடலில் ஆறாண்டுச் சேவை வேண்டும், ஒரு தேர்வு வேண்டும், அதைவிட மேலாக யாராவது வேண்டியவர் வேண்டும். இன்னொரு வகை, தொழில் அறிந்த அதிகாரிகள். அவர்களில் முதல்வர் மாஸ்டர். கப்பல் எங்கே இருக்கிறது, எந்த வழியில் போக வேண்டும், எங்கே நங்கூரம் போட வேண்டும், அடியில் என்ன இருக்கிறது, எல்லாம் அவர் பொறுப்பு. பெரிய கப்பல்களில் அவருக்குச் சம்பளம் லெப்டினன்ட்டைவிடக் கூடுதலாகவே இருந்தது. ஆனால் போரில் கேப்டன் விழுந்தால் தலைமை அவரிடம் வராது. அவரளவு அனுபவம் இல்லாத இளைஞன் ஒருவன் லெப்டினன்ட் என்ற பெயரில் அவருக்கு மேலே நிற்பான்.

மாஸ்டர் பதவிக்குக் குடும்பப் பின்னணி வேண்டாம். டெப்ட்ஃபோர்டில் டிரினிட்டி ஹவுஸ் என்ற மாலுமிகள் மன்றம் தேர்வு வைக்கும், தேறினால் போதும். 1757 ஜூன் 29 அன்று குக் அந்தத் தேர்வில் தேறினார். கடற்படையில் சேர்ந்து இரண்டே ஆண்டுகள். கூலியாளின் மகனுக்கு அந்த அமைப்பு திறந்துவைத்திருந்த மிக உயரமான கதவு அது. அதற்கு மேல் சுவர். அந்தச் சுவருக்குக் கீழே அவர் பதினோரு ஆண்டுகள் நின்றார்.

அவர் மாஸ்டராகப் போன பெரிய கப்பல் ‘பெம்ப்ரோக்’. 1758-இல் அட்லாண்டிக்கைத் தாண்டும்போதே அந்தக் கப்பலில் 26 பேர் இறந்தார்கள். பலருக்கு ஸ்கர்வி. ஈறு அழுகி, பழைய காயங்கள் மறுபடி பிளந்து, எழ முடியாமல் கிடந்து சாகும் நோய். கனடாக் கரையில் லூயிஸ்பர்க் கோட்டையின் முற்றுகை தொடங்கியபோது ‘பெம்ப்ரோக்’கால் உடனே போய்ச் சேரவே முடியவில்லை. பிற்காலத்தில் தன் கப்பல்களில் சுத்தத்துக்கும் பச்சைக்காய்க்கும் குக் காட்டிய பிடிவாதத்துக்கு இந்தப் பயணம் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

லூயிஸ்பர்க் 1758 ஜூலை 26 அன்று சரணடைந்தது. மறுநாள் குக் கரையில் இறங்கினார். அங்கே ராணுவ அதிகாரி ஒருவர், முக்காலியின்மேல் ஒரு சதுரப் பலகையை வைத்து, அதன்மேல் ஒரு அளவுகோலைத் திருப்பித் திருப்பித் தூரத்துப் பொருள்களைக் குறிபார்த்து, காகிதத்தில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். குக் அருகில் போய்ப் பார்த்தார். இது எப்படி என்று கேட்டார். அந்த அதிகாரி சாமுவேல் ஹாலண்ட், நில அளவையாளர். கோட்டையையும் சுற்றுப்புறத்தையும் வரைந்துகொண்டிருந்தார். கற்றுக்கொடுக்க ஒப்புக்கொண்டார்.

உலக வரைபட வரலாற்றில் இதைப்போல் கனமான ஒரு சந்திப்பு எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. கடல்வழி தெரிந்த மாலுமி கரையைக் கண்மதிப்பில் வரைவான். நில அளவையாளர் கோணமும் தூரமும் கணக்கிட்டு வரைவார், ஆனால் தண்ணீரைத் தொடமாட்டார். இரண்டையும் ஒரே கையில் சேர்த்த கடல்வரைபடங்கள் அதுவரை மிகமிக அரிது. குக் அன்று சேர்க்கத் தொடங்கினார். ‘பெம்ப்ரோக்’ கேப்டன் ஜான் சிம்கோ கேள்விப்பட்டதும் எரிச்சல்படவில்லை. தானும் பார்க்க வேண்டும் என்று ஹாலண்டைக் கருவியோடு கப்பலுக்கே அழைத்தார். பின்னால் ஹாலிஃபாக்ஸில் குளிர்காலம் முழுக்க, கேப்டனின் பெரிய அறை வரைமேசையும் காகிதங்களுமாகவே கிடந்தது. கோள முக்கோணக் கணிதம், வானியல் புத்தகங்கள் எல்லாம் சிம்கோ எடுத்துக்கொடுத்தவை. முப்பது வயதில்தான் குக்குக்குக் கல்லூரி என்று ஒன்று கிடைத்தது. அதில் ஆசிரியர் இருவர், மாணவர் ஒருவர்.

சிம்கோ அடுத்த ஆண்டு மே மாதமே, கியூபெக் நோக்கிப் போகும் வழியில் நோயால் இறந்துபோனார். உடலைக் கடலில் இறக்கினார்கள். முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து, 1792-இல், சிம்கோவின் மகனுக்கு ஹாலண்ட் எழுதிய கடிதத்தில்தான் இந்தச் செய்திகள் நமக்குக் கிடைக்கின்றன. அந்தக் கடிதம் இல்லாவிட்டால் குக் எல்லாவற்றையும் தானே கற்றார் என்ற கட்டுக்கதை மட்டும் நிலைத்திருக்கும்.

இதையும் சொல்ல வேண்டும்: குக் தன் புதிய வித்தையை முதலில் காட்டிய இடம் காஸ்பே வளைகுடா. ஆங்கிலப் படை அங்கே போனது பிரெஞ்சு மீனவர்களின் குடியிருப்புகளை எரிக்க. குடிசைகள் எரிந்த அதே நாட்களில் வரையப்பட்ட படம் 1759-இல் லண்டனில் அச்சாகி விற்பனைக்கு வந்தது. அவருடைய நேர்த்தியைப் போற்றும்போது, அது எதற்குப் பயன்பட்டது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கியூபெக் நகரை அடைய செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் ‘டிராவர்ஸ்’ என்ற இடத்தைத் தாண்ட வேண்டும். ஆற்றின் ஒரு கரையோரமிருந்து மறு கரையோரத்துக்குக் குறுக்காகத் திரும்பும் நீர்வழி அது. இருபுறமும் பாறையும் மணல்திட்டும். பிரெஞ்சுக்காரர்கள் வழிகாட்டும் மிதவைகளை அகற்றிவிட்டு, பெரிய கப்பல் எதுவும் வராது என்று நிம்மதியாக இருந்தார்கள். 1759 ஜூனில் முன்னணிக் கப்பல்களின் மாஸ்டர்கள் படகுகளில் இறங்கி ஈயக்குண்டு போட்டு ஆழம் பார்த்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் அந்த வழியாகப் போய்ச் சேர்ந்தன. இதைக் குக் தனியொருவராகச் செய்ததாகப் பல புத்தகங்கள் எழுதுகின்றன. அது சரியல்ல, பல மாஸ்டர்கள் சேர்ந்து செய்த வேலை. அவர்களில் மிகக் கவனமானவர் குக் என்பது வேண்டுமானால் உண்மை. கரிக்கடலில் மணல்திட்டுகளோடு மல்லுக்கட்டியவருக்கு அந்த ஆறு புதிதல்ல.

கியூபெக் விழுந்தது. குக் ‘நார்தம்பர்லேண்ட்’ கப்பலுக்கு மாஸ்டராக மாறினார். 1761-இல் தளபதி கோல்வில், ஆற்றின் வழிகளை அறிய அவர் எடுத்த முயற்சிக்காக 50 பவுண்டு சன்மானம் கொடுத்தார். பதவி உயர்வு கொடுக்கவில்லை. 1762 கடைசியில் லண்டன் திரும்பியவர், டிசம்பர் 21 அன்று எலிசபெத் பாட்ஸ் என்ற பெண்ணை மணந்தார். வாப்பிங்கில் சத்திரம் நடத்தியவரின் மகள். அடுத்த வசந்தத்தில் மறுபடி கிளம்பிவிட்டார். எலிசபெத்தின் வாழ்க்கை பெரும்பாலும் காத்திருப்பு. ஆறு பிள்ளைகளையும் கணவரையும் இழந்து, 93 வயது வரை இருந்து, 1835-இல் இறந்தார்.

போர் முடிந்ததும் நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் கரைகளை அளக்கும் வேலை குக்குக்கு வந்தது. காட் மீன் அங்கே பெரும் செல்வம். எந்தக் கரையில் யார் மீன் உலர்த்தலாம் என்பது பாரிஸ் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்ட விஷயம். சரியான படம் இல்லாமல் அந்த வரிகளுக்கு மதிப்பில்லை. 1763 முதல் 1767 வரை ஐந்து கோடைகள். கரையில் ஒரு நேர்கோட்டை அளந்து, அதன் இரு முனைகளிலிருந்து மலைமுகடுகளுக்குக் கோணம் எடுத்து, முக்கோணத்தின்மேல் முக்கோணமாகக் கரையைக் கட்டுவது. அதே சமயம் படகில் போய் ஆழம் பார்த்து நிரப்புவது. கோடையில் அளவை, குளிர்காலத்தில் லண்டன் வீட்டில் வரைவு. அந்தப் படங்களை மாலுமிகள் நூறாண்டுக்கும் மேலாகப் பயன்படுத்தினார்கள்.

1764 ஆகஸ்டில் ஒரு விபத்து. கையில் பிடித்திருந்த வெடிமருந்துக் கொம்பு வெடித்து, வலது உள்ளங்கை கிழிந்தது. அவருடைய சிறு கப்பலில் மருத்துவர் இல்லை. அருகில் நின்ற பிரெஞ்சு மீன்பிடிக் கப்பலின் மருத்துவர்தான் கட்டுப்போட்டார். முந்தாநாள் வரை பகைவர்கள். அந்தத் தழும்பு பதினைந்து ஆண்டுகள் கழித்து ஹவாயில் அவருடைய சிதைந்த உடலை அடையாளம் காண உதவியது. அது பின்னால் வரும்.

1766 ஆகஸ்ட் 5 அன்று, பர்ஜியோ தீவுகளில் இருந்து ஒரு சூரிய கிரகணத்தைக் குக் கவனித்து நேரம் குறித்தார். அதை ஆக்ஸ்ஃபோர்டில் எடுத்த அளவோடு ஒப்பிட்டு, அந்த இடத்தின் தீர்க்கரேகையைக் கணக்கிட்டார்கள். கட்டுரை ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. கடற்படையின் மாஸ்டர் ஒருவர் பெயர் அறிஞர்களின் மேசைக்குப் போனது இப்படித்தான்.

அந்த மேசையில் அப்போது பெரிய விஷயம் ஒன்று இருந்தது. 1769 ஜூன் 3 அன்று வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடக்கும். பூமியின் வெவ்வேறு முனைகளில் இருந்து அதைப் பார்த்து நேரம் குறித்தால், சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடலாம். இந்த முறை தவறினால் அடுத்தது 1874-இல். பசிபிக் கடலுக்கு ஒரு கப்பல் போக வேண்டும். ராயல் சொசைட்டி அதன் தலைமைக்கு ஒருவரைப் பரிந்துரைத்தது. அது குக் அல்ல.

அவர் அலெக்சாண்டர் டால்ரிம்பிள். ஸ்காட்லாந்துப் பிரபு குடும்பத்துப் பிள்ளை. அவருக்கும் நம் கரைக்கும் நெருங்கிய உறவு உண்டு. பதினைந்து, பதினாறு வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக மதராஸ் வந்து, செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் வளர்ந்தவர். 1759-இல் அங்கிருந்து கீழைத் தீவுகளுக்கு அவர் புறப்பட்ட கப்பலின் பெயரே ‘கடலூர்’. தென் கடலில் ஒரு பெருங்கண்டம் இருக்கிறது என்று உறுதியாக நம்பி, பழைய பயணக் குறிப்புகளைத் தேடித் தொகுத்துப் புத்தகம் போட்டவர். அறிவிலும் ஆர்வத்திலும் குறைவில்லாதவர். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்: கப்பலின் முழுத் தலைமை தன்னிடம் இருக்க வேண்டும்.

கடற்படைத் தலைவர் எட்வர்ட் ஹாக் அதை அடியோடு மறுத்தார். எழுபது ஆண்டுகளுக்கு முன் வானியலாளர் எட்மண்ட் ஹாலியிடம் ஒரு கப்பலைக் கொடுத்து, அவருக்குக் கீழிருந்த கடற்படை அதிகாரி அடங்க மறுத்துப் பெரும் தொல்லையானது யாருக்கும் மறக்கவில்லை. அரசக் கப்பலை அரசக் கடற்படையின் ஆள்தான் நடத்த வேண்டும் என்பது ஹாக்கின் பிடிவாதம். டால்ரிம்பிள் விலகினார். அப்போதுதான் தேடல் தொடங்கியது. கடற்படை ஆளாகவும் இருக்க வேண்டும், வானைப் பார்த்துக் கணக்குப் போடவும் தெரிந்திருக்க வேண்டும், தெரியாத கரையை வரையவும் வேண்டும். நியூஃபவுண்ட்லாந்து ஆளுநராக இருந்த பாலிசரும், கடற்படைச் செயலர் பிலிப் ஸ்டீபன்ஸும் ஒரே பெயரைச் சொன்னார்கள்.

கூலியாளின் மகன் பிரபுவின் மகனை முந்தினான் என்று இதைக் கொண்டாடத் தோன்றும். நடந்ததை நிதானமாகப் பார்த்தால், கடற்படை தன் அதிகாரத்தை வெளியாளிடம் விடாமல் காத்துக்கொள்ள நினைத்தது. அந்தப் பிடிவாதத்தில்தான் குக்குக்கு வழி கிடைத்தது. அவருடைய தகுதி ஐந்தாண்டுகளாக எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கோல்வில் எழுதிக்கொடுத்திருந்தார். ஆனாலும் அவர்களுக்கு வேறு வழியில்லாமல் போன நாளில்தான் அந்தச் சுவரில் கதவு வைத்தார்கள். 1768 மே 25 அன்று ஜேம்ஸ் குக்குக்கு லெப்டினன்ட் நியமனம் கிடைத்தது.

கப்பலோ அதற்கு முன்பே, மார்ச் கடைசியில் வாங்கப்பட்டிருந்தது. குக்தான் தேர்ந்தெடுத்தார் என்று எழுதுகிறவர்கள் இந்தத் தேதிகளைக் கவனிப்பதில்லை. நிறையச் சாமான் ஏற்ற வேண்டும், ஆழமில்லாத கரைகளை நெருங்க வேண்டும், பழுதானால் மணலில் ஏற்றிச் சரிசெய்ய வேண்டும் என்று யோசித்த கடற்படை நிர்வாகம், ‘ஏர்ல் ஆஃப் பெம்ப்ரோக்’ என்ற 368 டன் கப்பலை வாங்கி ‘எண்டெவர்’ என்று பெயர் மாற்றியது. 1764-இல் விட்பியில் கட்டிய கரிக்கப்பல் அது! அதன் அடி எங்கே தட்டும், எந்தக் காற்றில் எப்படிச் சாயும் என்று யாரும் குக்குக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 1770 ஜூனில் ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் மோதிக் கிழிந்தபோது எல்லோரும் உயிர் பிழைக்க அந்தத் தட்டையான அடியும் உதவியது.

1768 ஆகஸ்ட் 26 அன்று ‘எண்டெவர்’ 94 பேருடன் பிளிமத்திலிருந்து புறப்பட்டது. வெள்ளிக் கோளைக் கவனிக்கும் ஆணை எல்லோருக்கும் தெரிந்தது. குக்கிடம் மூடி முத்திரையிட்ட இன்னொரு ஆணையும் இருந்தது: வேலை முடிந்ததும் தெற்கே திரும்பு, டால்ரிம்பிள் நம்பும் அந்தக் கண்டம் இருக்கிறதா என்று தேடு, மக்கள் இருந்தால் அவர்களின் சம்மதத்தோடு அரசரின் பெயரால் நிலத்தை உரிமையாக்கு. சம்மதம் என்ற அந்தச் சொல்லுக்கு நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் என்ன நேர்ந்தது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.